கேட்டுல சொல்ல ஒரு வார்த்தை

கண்ணு, சித்த இந்தப் பூவக் குத்தி உடறயா? ஊசி இருக்குது, கைதான் பொறத்தால எட்ட மாட்டேங்குது. ஊட்டுல கண்ணாடி பாத்து நல்லாத்தான் வெச்சுட்டு வந்தேன். உடுமலை பஸ் ஸ்டாண்டுல ஏறறப்ப ஒரு பொம்பள முழங்கைல இடிச்சாளா, பாதி தொங்கிப்போச்சு. இன்னும் கொஞ்சம் மேல. ஆங், அங்கதான். ஜாதிமல்லி. வெல கேக்காத, வயிறு எரியும். நல்லாருக்குதா? இந்த வயசுக்கு ஜாஸ்தியோ? சும்மா கேட்டேன்.

நீ உக்கடமா? நான் ஒத்தக்கால்மண்டபத்துல எறங்கோணும். பொள்ளாச்சி தாண்டி, கெணத்துக்கடவு தாண்டி. கால்ல தட்டறது தூக்குப்போசி, தப்பா நெனச்சுக்காத, மடியில வெச்சாச் சூடு தாங்கல. அரிசிம்பருப்புச் சோறு. மேல நெய்யி உட்டு, கத்திரிக்காப் பொரியல் தனியா. வாசம் வருதா? அதுக்குத்தான் துணி போட்டுக் கட்டினேன், அப்படியும் பஸ்ஸு பூராம் மணக்குது.

என்ற பேரு வசந்தாமணி. உடுமலைல ஒரு மெடிக்கல்ஸ்ல பில்லு போடறேன், வருசக்கணக்கா. நாள் முச்சூடும் பேசிட்டேதான் இருப்பேன். ஆனா என்ன பேச்சு? சாப்பாட்டுக்கு முன்னால, சாப்பாட்டுக்குப் பின்னால, காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அதத் தவுத்து ஒரு மனுசங்ககிட்ட உக்காந்து நாயம் பேசி எத்தனையோ நாளாச்சு. அதான் உன்னையப் புடிச்சுட்டேன். காதுல வயர மாட்டறதுன்னா மாட்டிக்கோ, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

மாட்டலயா? அப்ப ஒண்ணு கேக்கறேன். நீ இங்கிலீஷ் மீடியந்தான? பாத்தாலே தெரியுது. கல்யாணம் பண்ணிக்காம, ஆனா பண்ணிக்கிட்ட மாதிரியே, ஒரு ஆம்பளையும் பொம்பளையும் ஏழெட்டு வருசம் இருக்கறாங்கன்னு வெய்யி. சின்ன வயசு இல்ல, தல நரைச்ச வயசு. அந்தப் பொம்பள அந்த ஆம்பளைக்கு என்ன வேணும்? இங்கிலீஷ்ல சொல்லு. தமிழ்ல வேண்டாம். தமிழ்ல சொல்றது எனக்கே தெரியும், ரேசன் கடை வரிசைல நிக்கறப்ப ரெண்டு பேரு என்ற காதுபடவே சொல்லியிருக்காளுக.

மூஞ்சியப் பாரு. யாரு அந்தப் பொம்பளைன்னுதான? நாந்தான்.

அவரு தண்டபாணி சாரு. கவர்மெண்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. சம்சாரம் தவறிப்போச்சு, பையன் அமெரிக்காவுல, டெக்சாஸ்ல. பிரஷர் மாத்திரை வாங்க மாசாமாசம் எங்க கடைக்கு வருவாரு. கூட்டத்துல அடிச்சுப் புடிச்சுக் கைய நீட்ட மாட்டாரு, ஓரமா நிப்பாரு. எனக்கு அப்பனும் ஆத்தாளும் போயி, கல்யாணம் காச்சின்னு பண்ணி வெக்க ஆளில்லாம, வயசு அம்பத நெருங்கிட்டு இருந்துச்சு. ஒரு நாளு, உப்பக் கொறைங்க சார்னு சொன்னேன். அத ஹோட்டல்காரன்கிட்டச் சொல்லும்மான்னாரு. அப்படி ஆரம்பிச்சதுதான். அதுக்கப்பறம் எப்படி நடந்துச்சுன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. கடை சாத்திட்டு அவரு ஊட்டுக்குப் போவேன், ஆக்குவேன், ஒட்டுக்கா உக்காந்து சாப்புடுவோம். ரெண்டு தெரு தள்ளி எனக்குன்னு ஒரு வாடகை ஊடு இருக்குது. அது துணிமணி வெக்கறதுக்குத்தான்.

தாலி கட்டிக்க வேண்டியதுதானேங்கறயா? அவரு சொல்லல, நான் கேக்கல. கேட்டு வாங்கறதுக்கு அது என்ன ரேசன் சக்கரையா?

ஒல வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுமா. அதெல்லாம் எனக்குப் பெருசாத் தெரியல. பையன் போன் பண்ணுனப்பத்தான் வெனையே வந்துச்சு. லீவுக்குப் பொண்டாட்டி புள்ளையோட வர்றேன், ஒரு மாசம் இருப்பேன்னு சொன்னான். பேத்தி பேரு ரியா, ஏழு வயசு, தமிழ் துளிகூட வராது. அவனுக்கு என்னையப் பத்தி ஒண்ணும் தெரியாது. அவன் வீடியோல வர்றப்பெல்லாம் நான் அடுப்படிக்குப் போயிருவேன். அன்னைக்குச் சாரு போன வெச்சுட்டு என்னைய அடுப்படில இருந்து கூப்புட்டாரு. அப்பறம் சொன்னாரு, "வசந்தா, இனி மறைக்க வேண்டாம். சொல்லிருவோம். ஆனா சரியான வார்த்தைல சொல்லோணும். தமிழ்ல இருக்கற வார்த்தையெல்லாம் ஊருக்காரங்க வாயில பட்டுக் கெட்டுப்போச்சு. இங்கிலீஷ்ல டீசண்டா ஒண்ணு இருக்கும், தேடறேன்."

அவங்க வர்றதுக்கு முன்னால இருந்த அந்த நாளுக இருக்குதே கண்ணு, என்ற ஆயுசுலயே அதுதான் நல்ல காலம். செங்கல்லு தண்டிக்கு டிக்சனரி ஒண்ணு. சாப்புட்டு முடிச்சு வட்டலக் கழுவி வெச்சுட்டு நான் வந்து உக்காந்தா, அவரு கண்ணாடியப் போட்டுட்டு ஒவ்வொண்ணாச் சொல்லுவாரு. நான் யாருன்னு ஒருத்தரு உக்காந்து தெனமும் யோசிக்கறாரு பாரு. அதுவரைக்கும் என்னையப் பத்தி யாரும் அப்படி யோசிச்சதில்ல.

மொதல்ல ஃபிரண்டுன்னாரு. எப்பருந்து ஃபிரண்டு, எதுக்கு ஃபிரண்டுன்னு பையன் நோண்டுவான்னு அவரே வேண்டாம்னுட்டாரு. கேர்ள் ஃபிரண்டுன்னு சொல்லிப் பாத்தோம். சொன்னதுதான், ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல அவருக்குப் பொரையேறிப்போச்சு. பார்ட்னர்னாரு. எங்க கடை ஓனரும் அவரு மச்சானும் பார்ட்னருகதான் சார், இப்ப ரெண்டு பேரும் கோர்ட்டுக்கு நடந்துட்டு இருக்காங்கன்னேன். கம்பேனியன்னு ஒண்ணு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அந்த வாரமே பேப்பர்ல ஒரு வெளம்பரம், வயசான அம்மாவுக்குக் கம்பேனியன் தேவை, தங்க எடமும் சாப்பாடும் உண்டுன்னு. அதும் போச்சு. ஸ்பெசல் ஃபிரண்டுன்னா ஸ்பெசல் தோசை மாதிரி இருக்குதுன்னு நானே தள்ளிட்டேன். தமிழ்லயே துணைவின்னு சொல்லலாமேன்னேன். அது கல்யாணப் பத்திரிகைல கட்சிக்காரங்க பேருக்குக் கீழ போடறது, நமக்கு எதுக்குன்னாரு.

கடைக்கு வர்ற புள்ளைகெல்லாம் கட்டிக்கப் போறவன என் வுட்பி, என் வுட்பின்னு சொல்லுதுகளே, அதச் சொல்லீருங்க சார்னு ஒரு நாள் சொன்னேன். "அது இங்கிலீஷே இல்ல வசந்தா. நாமளா உண்டாக்குனது. டெக்சாஸ்ல சொன்னா ஒருத்தனுக்கும் புரியாது"ன்னாரு. நாமளா உண்டாக்குனதுன்னா நமக்குப் புரிஞ்சாப் போதாதான்னு கேட்டேன். வார்த்தைன்னா கேக்கறவனுக்குப் புரியோணும்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்தப் பொரட்டிட்டாரு.

என்ன? ஆமா, சார்னுதான் கூப்புடுவேன். இப்பவும் சார்தான். வேற என்னன்னு கூப்புடறது? அது கெடக்குது உடு.

அவங்க வர்றதுக்கு மொத நாளு பொழுதோட, டிக்சனரிய மூடி வெச்சுட்டு, கெடச்சுருச்சுன்னாரு. என்னங்க சார் அதுன்னா சொல்ல மாட்டேங்கறாரு. "நாளைக்கு அவங்க முன்னால சொல்லுவேன், அப்பக் கேட்டுக்கோ. இப்பச் சொன்னா நீ அதுக்கும் எதாச்சும் நொட்டை சொல்லுவே." மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு. நான் அன்னைக்கு என்ற சாமான் ஒண்ணையும் எடுக்கல. குளிக்கற ரூம்புக் கண்ணாடில நான் ஒட்டி வெச்ச பொட்டுக்கூட அங்கயேதான் இருந்துச்சு. எடுத்தறட்டா சார்னு கேட்டதுக்கு, இருக்கட்டும்னுட்டாரு.

மக்யா நாளு காலைல காரு வந்து நின்னுச்சு. நான் ஆரத்தி கரைச்சு வெச்சிருந்தேன். ஆரத்தின்னா ஊட்டுப் பொம்பள எடுக்கறது, உனக்குத் தெரியுமில்ல. நீயே எடு வசந்தான்னு அவரே சொல்லிட்டாரு. அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? பட்டுச்சேல, இதோ இதே சேலதான், கட்டிட்டுத் தட்டத்தோட வாசல்ல நிக்கறேன். பக்கத்தூட்டு அக்காவும் வந்து நிக்கறாங்க. பையன் எறங்கறான், மருமக எறங்கறா, பொறத்தாலயே அந்தக் குட்டி எறங்கி ஓடி வந்து, என்ற முன்னால நின்னு தலைய நிமித்தி, "ஹூ ஆர் யூ?"ங்குது.

குழந்த கேட்டதுல தப்பே இல்ல. பாக்காத ஆளப் பாத்தாக் கேக்குந்தான. பையன் என்னையப் பாக்கறான், மருமகளும் பாக்கறா. நான் சாரப் பாத்தேன். இப்பச் சொல்லுவாரு, இப்பச் சொல்லுவாருன்னு பாக்கறேன். வாயத் தொறந்தாரு, ஒண்ணும் வரல. மறுக்காவும் தொறந்தாரு. நெத்தியெல்லாம் வேர்வ. நான் மெடிக்கல்ஸ்ல இருக்கறவ கண்ணு, பிரஷர் ஏறுனா மொகத்தப் பாத்தே சொல்லீருவேன். எனக்கு மனசு கேக்கல. அந்தக் குழந்தகிட்ட நானே சொல்லிட்டேன். குக். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மாத்திரை இங்கிலீஷு, அந்த நேரத்துக்கு அதுதான் வாயில வந்துச்சு. ஐ குக்குன்னேன்.

ஓன்னு சிரிச்சுட்டு அது உள்ள ஓடிருச்சு. சாரு மொகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு பாரு. இத்தன வருசமா நான் எடுத்துக் குடுத்த எந்த மாத்திரைக்கும் பிரஷர் அவ்வளவு வெசையா எறங்குனதில்ல. அன்னைக்கு நான் அவரக் காப்பாத்திட்டேன், அத மட்டும் நான் பெருமையாத்தான் சொல்லுவேன்.

ஆரத்தியா? அது எப்படி, சமையலுக்கு வர்றவ எடுப்பாளா? தட்டத்தப் பக்கத்தூட்டு அக்கா கையில குடுத்தேன், அவங்க எடுத்தாங்க. எடுத்து முடிச்சுத் தண்ணியக் கொண்டுபோயி வாசல்ல ஊத்தறதுக்கு என்னையக் கூப்புட்டாங்க.

கடைக்கு லீவு சொல்லிட்டேன், அப்பறம் ஒரு மாசம் குக்குதான். எல்லாரும் சாப்புட்டு எந்திரிச்சதுக்கப்பறம் அடுப்படில உக்காந்து சாப்புட்டேன். மருமக நல்ல புள்ள, குத்தம் சொல்லக் கூடாது, தண்ணி எடுத்துக் குடுத்தாக்கூடத் தேங்க்ஸ் சொல்லும். ரியா எனக்குக் குக் ஆன்ட்டின்னே பேரு வெச்சுருச்சு. அடுப்படி மேடை மேல ஏறி உக்காந்துட்டு அது இங்கிலீஷ்ல கேக்கும், நான் தமிழ்ல சொல்லுவேன், ரெண்டு பேருக்கும் சரியாப் போயிரும். ஒரு நாளு சாப்புடறப்ப அது அம்மாகிட்ட எதோ கேட்டுச்சு. மருமக சிரிச்சுட்டே எனக்குச் சொன்னா, "தாத்தாவுக்கு ஊத்தற ரசத்துல மட்டும் ஏன் கறிவேப்பிலையப் பொறுக்கி எடுக்கறாங்கன்னு கேக்கறா." சொல்லிட்டு என்னைய ஒரு நிமிசம் பாத்தா. அடுத்த நாள்லருந்து கறிவேப்பிலையோடவே ஊத்திட்டேன்.

பொட்டு கதையும் அப்படித்தான். கண்ணாடில ரெட் டாட் இருக்குதுன்னு ரியா கத்துச்சு. யாருதுன்னு பையன் கேட்டான். சாரு பேப்பர்ல இருந்து தலையத் தூக்காம, சமையலம்மாவோடதா இருக்கும்னாரு. அவங்க ஏம்ப்பா உள்ள இருக்கற பாத்ரூமுக்கு வர்றாங்கன்னான். அன்னைலருந்து நான் பொறத்தால இருக்கறதுக்குப் போயிட்டேன். பொழுது உழுந்தா என்ற வாடகை ஊட்டுக்கு வந்துருவேன். சாரு வாசல் கேட்டு வரைக்கும் வந்து, கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, சமயம் பாத்துச் சொல்லீர்றேன்னு மொணமொணப்பாரு. அந்த வார்த்தைய என்ற காதுலயாச்சும் சொல்லுங்க சார்னா, இப்ப வேண்டாம்பாரு.

பையன் கெட்டவன் இல்ல. அப்பன் தனியாக் கெடக்கறாருன்னு அவனுக்கு வருத்தம். ஊருக்குப் போறதுக்கு முன்னால, ஒத்தக்கால்மண்டபத்துல வயசானவங்களுக்குன்னு கட்டியிருக்கற ஒரு எடத்துல ரூம்பு பாத்துட்டு வந்துட்டான். டாக்டரு இருக்காங்களாம், மெஸ்ஸு இருக்குதாம், லைப்ரரி இருக்குதாம். சாப்புடற மேசைல வெச்சுத்தான் சொன்னான், நான் சட்னி ஊத்திட்டு நிக்கறேன். "சமையலுக்கு ஒரு அம்மா வர்றாங்கன்னு எத்தன நாளைக்குப்பா ஓட்டுவீங்க? பேசறதுக்கு உங்களுக்கு யாரு இருக்கா?"ன்னு கேட்டான். சாரு தோசையப் பிச்சுட்டே இருந்தாரு. பிச்சுட்டே இருந்தாரு, வாயில வெக்கல. அப்பறம் அவன் என்ற பக்கம் திரும்பி, அக்கா நீங்க கவலப்படாதீங்க, எங்க ஃபிரண்டு ஊட்டுல சமையலுக்கு ஆளு தேடறாங்க, நான் சொல்லி உடறேன்னான். மருவாதியான பையன்.

சாரு அப்பவும் வார்த்தை தேடிட்டுத்தான் இருந்திருப்பாரு. பாவம், அந்த நேரத்துக்கு வந்திருக்காது.

அவரக் கொண்டுபோயி உட்டுட்டு அவங்க ஏரோப்ளேன் ஏறிட்டாங்க. போறப்ப அந்தக் குட்டி என்னையக் கட்டிப் புடிச்சு அழுதுச்சு, பை குக் ஆன்ட்டின்னு. அந்த ஊட்டுல என்னையப் புடிச்சு அழுத ஒரே ஆளு அதுதான். மாத்திரையெல்லாம் நாந்தான் டப்பாவுல பிரிச்சுப் போட்டுக் குடுத்தேன். போயி செட்டிலாயிட்டுக் கூப்புடறேன்னாரு. கூப்புட்டாரு, இல்லைன்னு சொல்லக் கூடாது. மெஸ்ஸுல உப்பு ஜாஸ்தியா இருக்குதுன்னு சொல்லக் கூப்புட்டாரு.

இப்பக் கடை சாத்துனா எங்க போறதுன்னு காலு தெகைக்குது. பழக்கத்துல அந்தத் தெருவுக்குள்ள திரும்பிருது. அந்த ஊட்டுல வேற ஆளுக வாடகைக்கு இருக்கறாங்க, லைட்டு எரியுது, குக்கர் சத்தம் கேக்குது. திரும்பி வந்து, ஒத்த ஆளுக்கு என்னத்த ஆக்கறதுன்னு ஒரு பன்னு தின்னுட்டுப் படுத்துக்குவேன். சங்கடமா இருக்குது கண்ணு. ரொம்பச் சங்கடமா இருக்குது. ஊட்டுல ஒருத்தரு செத்தா நாலு பேரு துக்கம் கேக்க வருவாங்க. இதுக்கு யாரு வருவாங்க, என்னன்னு சொல்லிட்டு வருவாங்க? கடைல ஓனரு, என்ன வசந்தாமணி உடம்பு சரியில்லயான்னு கேட்டாரு. ஆமாங்கன்னு சொல்லிட்டேன்.

கெணத்துக்கடவு போயிருச்சா? அப்பச் சீக்கிரம் சொல்லு. சாரு இருக்கற அந்த எடத்துல கேட்டுல ஒரு செக்யூரிட்டி இருக்கறான். யாரப் பாக்கோணும், அவருக்கு நீங்க என்ன வேணும்னு கேட்டுட்டுத்தான் உடுவான். ரூல்ஸாமா. அதுக்குத்தான் உன்னைய வார்த்தை கேட்டேன். படிச்ச புள்ள, எதாச்சும் புதுசா இருந்தாச் சொல்லு.

என்னது? வைஃப்னு சொல்லீர்றதா?

சொன்னேன் கண்ணு. மொத தடவ போனப்ப அதத்தான் சொன்னேன். இதே சேல, இதே மாதிரி பூவு. பஸ்ஸுல வழி பூராம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டே போனேன். அவன் கேட்டான், வைஃப்னேன். வாயில அது வர்றப்ப எத்தன நல்லா இருந்துச்சு தெரியுமா? அவன் டக்குனு எந்திரிச்சு, உக்காருங்கம்மான்னு அவன் சேர எனக்குப் போட்டான். ஃபேனத் திருப்பி உட்டான். போன எடுத்து ரூம்புக்கு அடிச்சான், ஸ்பீக்கர்ல. சார், உங்க வைஃப் வந்திருக்காங்கன்னான்.

அப்பறம் சாரு கொரலு, பாடம் நடத்தற மாதிரி நிதானமா. "என் வைஃப் இறந்து பத்து வருஷம் ஆச்சே. வேற யாரையாவது தேடி வந்திருப்பாங்க, பாருங்க"ன்னாரு.

அவன் என்னையப் பாத்தான், பூவப் பாத்தான். அப்ப நீங்க யாரும்மான்னான். சேர உட்டு எந்திரிச்சு நின்னு, குக்குன்னேன். அத மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மான்னு பின் கேட்டக் காட்டுனான். காய்கறி வண்டி போற வழி அது. நான் போன் பண்ணவும் மெஸ்ஸுக்குப் பொறத்தால சாரு வந்தாரு. நின்னுட்டேதான் சாப்புட்டாரு, போசிய வழிச்சுச் சாப்புட்டாரு. "வைஃப்னெல்லாம் சொல்லாத வசந்தா. இங்க எல்லாரும் படிச்சவங்க, ஒரு மாதிரி ஆயிருது"ன்னாரு. நான் சரிங்க சார்னுட்டேன்.

எனக்கு அவரு மேல கோவமே இல்ல. என்ன இருந்தாலும் அவரு இங்கிலீஷ் வாத்தியாரு, தப்பான வார்த்தை காதுல உழுந்தா அவரால திருத்தாம இருக்க முடியாது. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். அவரு எனக்குன்னு ஒண்ணு கண்டுபுடிச்சு வெச்சிருக்கறாரு, அதத் தெரிஞ்சுக்காம நானா ஒண்ணச் சொன்னா? அதுக்கப்பறம் போனப்பெல்லாம் குக்குன்னுதான் சொல்றேன். உடனே கேட்டத் தொறந்து உட்டர்றான், போன்கூடப் பண்றதில்ல. இன்னைக்கு அவரு சாப்புட்டு முடிச்சதும் எப்படியும் கேட்டுருவேன், அது என்ன வார்த்தைங்க சார்னு. இத்தன நாள்ல மறந்திருக்க மாட்டாரில்ல?

ஏ, எதுக்குக் கண்ணத் தொடைக்கறே? தூசியா? ஜன்னலச் சாத்து, ரோட்டு வேல நடக்குது.

என்ற ஸ்டாப்பு வந்துருச்சு. அந்தப் போசிய எடு, பாத்து, சூடு. இரு இரு, இந்தப் பூவ எடுத்து உடு. ஆமா, நீ குத்துனதுதான். எடுத்து உடுங்கறேன், கண்டக்டரு கத்தறான். சமையலுக்கு வர்றவ இத்தன பூவு வெச்சிருந்தா அந்தச் செக்யூரிட்டி ஒரு மாதிரி பாக்கறான். வாடல கண்ணு, நீ வெச்சுக்கோ.